ஒப்பாரியும் ஆறுதலும்: யாழ்ப்பாண மரணச்சடங்கின் இசை பற்றிய ஒரு சமூக நோக்கு

இசை துயராற்றும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கூற்று. ஆயின் எவருடைய இசை எவருடைய துயரை ஆற்றுகின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சைவ மரணச்சடங்கு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

மரபான செத்தவீட்டில் மூவகை ஒலிகள் எழுந்தன. சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் ஓதப்பட்டது. மாணிக்கவாசகரின் அவ்விருபது பாடல்களும் இறப்பைப் பற்றியன அல்ல. இறைவனின் நீராட்டுக்குப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிரின் உவகையைக் கூறுவன. அவ்வுவகைப் பாடல் செத்தவீட்டில் ஒலிக்கும்போது, இறப்பு இறைவனை அடைதலாகப் பொருள்மாற்றம் பெறுகின்றது. வீட்டினுள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தனர். வெளியே பறை முழங்கியது.

ஒப்பாரி இறப்பை அவ்வாறு மாற்றிப் பொருள்கொள்வதில்லை. இழப்பை இழப்பாகவே அது கூறுகின்றது. ஒருவரையொருவர் தழுவியிருந்து அழும் பெண்கள், இறந்தவரின் அருமையோடு சீதனக் குறை, புகுந்த வீட்டுக் கொடுமை, கைம்மையின் அச்சம் ஆகியவற்றையும் பாடுவர். துக்கம் விசாரிக்க வந்தவள் தன் சொந்த இழப்புக்களையும் அங்கேயே அழுது தீர்ப்பாள். பிற வேளைகளில் வாய்திறக்கவியலாத முறைப்பாடுகளுக்கு ஒப்பாரி இடமளித்தது. எனவே அது தந்த ஆறுதல் மறதியிலன்றிப் பகிர்விலே தோன்றியது எனலாம். பாரி மகளிரின் கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இடம்பெற்றது; உழைக்கும் பெண்களின் புலம்பலோ நெடுங்காலம் ஏடேறவில்லை. பின்னர் படித்த நடுத்தர வர்க்கத்தினர் அதனை நாகரிகக் குறைவெனவும் ஒதுக்கினர்.

பறையின் வரலாறு வேறானது. பிறர் துயருக்கு முழங்குதல் குடிமைமுறையின்கீழ் ஒரு சாதியினர்மீது சுமத்தப்பட்ட கடமையாயிற்று. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இந்நிலையை அதிகம் மாற்றவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு வலுப்பெற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களின் காலத்தில், பறையடித்தலைக் கைவிட்டோர் பலர். அவர்கள் மறுத்தது இசையையன்று, கட்டாயத்தையே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒருவரின் ஆறுதல் மற்றொருவரின் இழிவின்மீது அமைதல் தகாது என்பதே அம்மறுப்பின் பொருள்.

1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியபோதும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கியபோதும், தாயரின் அழுகுரல் வீதிக்கு வந்தது. 2017 இல் எழுந்த குரலுக்குமுன் சடலமில்லை, சுண்ணமுமில்லை, பறையுமில்லை. பிள்ளை இறந்தான் என ஏற்கவும் அத்தாயர் ஒருப்படவில்லை. செத்தவீட்டில் முறைப்பாடாக இருந்த குரல் இங்கே நீதிகோரும் குரலாயிற்று. அழுகை செயலின்மையின் அடையாளம் என்போர், அக்குரலைச் சற்று நின்று கேட்டல் வேண்டும்.