நேரலை மறுப்பும் மக்களாட்சியும்: பெல்ஜியத்தின் இரு ஊடக மரபுகள்

1991 நவம்பர் 24 அன்று நடந்த பெல்ஜியப் பொதுத்தேர்தலில், குடியேறிகளை எதிர்த்துப் பிரசாரம் செய்த ஃபிளாம்ஸ் பிளாக் கட்சி கீழவையில் 2 இடங்களிலிருந்து 12 இடங்களுக்கு உயர்ந்தது. ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்நாளைக் குறிப்பிடுகிறார்கள். அதன்பின் ஒரே நாட்டின் இரு மொழிப் பகுதிகளில் ஊடகங்கள் இரு வேறு வழிகளில் சென்றன. பிரெஞ்சு மொழிப் பகுதியில் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிபிஎஃப், தனியார் நிறுவனமான ஆர்டிஎல் இரண்டும் தீவிர வலதுசாரிகளை நேரலை விவாதங்களுக்கு அழைப்பதில்லை. டச்சு மொழிப் பகுதியிலோ, பிற கட்சிகள் அக்கட்சியோடு கூட்டணி சேர மறுத்தபோதும், ஊடகங்கள் நாளடைவில் அதைப் பத்தோடு பதினொன்றாக நடத்தத் தொடங்கின.

2024இல் ஃபிளாம்ஸ் பேலாங் என்ற பெயரில் அதே இயக்கம் டச்சு மொழிப் பகுதியான ஃபிளாண்டர்ஸின் நாடாளுமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 23 விழுக்காடு வாக்குகள் பெற்று இரண்டாம் இடத்தைப் பிடித்தது. பிரெஞ்சு மொழிப் பகுதியான வலோனியாவின் நாடாளுமன்றத்தில் தீவிர வலதுசாரிகளுக்கு ஓரிடமும் இல்லை. இந்த வேறுபாட்டை ஊடகத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. வலோனியாவில் வலுவான தேசியவாத மரபு இல்லை. சோசலிஸ்டுக் கட்சியும் தொழிற்சங்கங்களும் அங்கே ஆழ வேரூன்றியவை. தீவிர வலதுசாரிக் குழுக்களோ உட்பூசலால் சிதறின. ஆயினும் இப்புதிரை ஆராய்ந்த அரசியல் ஆய்வாளர் லியோனி டி யோங்க, ஊடகங்களும் பிற கட்சிகளும் எடுத்த நிலைப்பாட்டை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கொள்கிறார். அம்முடிவு எனக்கும் ஏற்புடையதே.

இங்கே மறுக்கப்படுவது எது என்பதில் தெளிவு வேண்டும். அக்கட்சிகளைப் பற்றிச் செய்தி வெளியிடத் தடையில்லை. அவற்றின் தலைவர்கள் பேசியதைப் பதிவுசெய்து, உரிய பின்னணியோடு காட்டலாம். இடைமறிக்கவோ சரிபார்க்கவோ இயலாத நேரடி ஒலிவாங்கி மட்டுமே மறுக்கப்படுகிறது. 1999இல் இது நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றத்தின் முன் சென்றபோது, ஆர்டிபிஎஃப்பின் நிலைப்பாடு நிலைத்தது. ஆசிரியர் குழுவின் விருப்புவெறுப்பாக நின்றுவிடாமல் நீதிமன்றத்தில் காரணம் சொல்லக்கூடிய விதியாக இருப்பதே இதன் வலிமை என்பேன்.

இன்னொன்று, இவ்விதி கட்சியின் அளவைப் பார்ப்பதில்லை. அது முன்வைக்கும் கொள்கையைப் பார்க்கிறது. பெல்ஜியத் தொழிலாளர் கட்சி நெடுங்காலம் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்ற சிறு இடதுசாரிக் கட்சி. அதற்கு இந்த நேரலைத் தடை பொருந்தவில்லை. 2014இல் கீழவையில் 2 இடங்கள் பெற்ற அக்கட்சி 2019இல் 12 இடங்களுக்கு வளர்ந்தது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. 1992 அதிபர் தேர்தலில் தொலைக்காட்சி விவாதங்களில் பங்கேற்ற சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ ஏறக்குறைய 19 விழுக்காடு வாக்குகள் பெற்றார். 1996இல் அவருக்கு மேடை மறுக்கப்பட்டது. 2000 முதல், கருத்துக்கணிப்புகளில் 15 விழுக்காடு ஆதரவு இருந்தால்தான் விவாதத்தில் இடம் என்று அதிபர் வேட்பாளர் விவாதங்களை நடத்திய ஆணையம் வகுத்தது. திரையில் தோன்றாதவரை மக்கள் அறியார். அறியாதவரைக் கருத்துக்கணிப்பில் சொல்லார். சிறு கட்சிகளை இப்படி அளவுகோலால் வெளியே நிறுத்துவது வாக்காளரின் தேர்வை முன்கூட்டியே குறுக்குகிறது. இனவெறுப்புக்கு நேரலையை மறுப்பதோடு இதை ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

வலோனிய மரபுக்கும் ஓர் எல்லை உண்டு. 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்பின் பதவியேற்பு உரையை ஆர்டிபிஎஃப் நேரலையாகத் தராமல் சிறு தாமதத்துடன் ஒளிபரப்பியது. அது பெரும் சர்ச்சையானது. அம்முடிவு தவறு என்பது என் கருத்து. அவர் பெல்ஜிய வாக்காளரிடம் வாக்குக் கேட்பவரல்லர். அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஐரோப்பியரின் வாழ்வைத் தொடும் அரச அறிவிப்பு. தேர்தல் களத்துக்கென வகுத்த விதியை அங்கே நீட்டியதால், அதற்கு இருந்த நியாயமே தளர்ந்தது.