கீழ்முதுகு வலி: படுக்கை ஓய்விலிருந்து இணையவழித் தன்பராமரிப்பு வரை

விலா எலும்புகளின் கீழ் விளிம்புக்கும் பிட்டத்தின் அடிமடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் தோன்றும் வலி கீழ்முதுகு வலி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது இடுப்பு வலி. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இவ்வலியால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்றும், 2050இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியை எட்டக்கூடும் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோருக்கு வலியின் காரணம் இன்னதென்று ஒரு குறிப்பிட்ட நோயையோ சிதைவையோ சுட்டிக்காட்ட முடிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளுக்குப் படுக்கை ஓய்வையே பரிந்துரைத்தனர். இன்று இயன்றவரை நடமாடும்படி அறிவுறுத்துகின்றனர். இந்த மாற்றத்தால் சிகிச்சையின் பெரும்பங்கு நோயாளியின் கைக்கு வந்தது. அதில் அவருக்கு எவ்வளவு துணை தேவை என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

பண்டைய பதிவுகள்

முதுகு வலி பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று எகிப்தின் எட்வின் சுமித் பப்பிரசுச் சுவடி. ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் பழைமையான இச்சுவடியில் 48 நோயாளிகளின் நிலை விளக்கப்பட்டுள்ளது. கடைசிப் பதிவு முதுகெலும்புச் சுளுக்கு பற்றியது. நோயாளியைக் காலை நீட்டி மடக்கச் சொல்லி, முதுகில் வலி எழுகிறதா என்று பார்க்கும் சோதனை அதில் உள்ளது. நோயாளியை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்ற குறிப்பை அடுத்து, சிகிச்சை முழுமையாகச் சொல்லப்படும் முன்பே சுவடி நின்றுவிடுகிறது.

ஓய்வே மருந்து என்ற காலம்

19ஆம் நூற்றாண்டில் இரயில் பயணம் பெருகியபோது, விபத்துக்குப் பின் நீடிக்கும் முதுகு வலி மருத்துவர்களின் கவனத்தையும் இழப்பீட்டு வழக்குகளையும் ஈர்த்தது. இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இது பற்றி நூல் வெளியிட்டார். இதன் மூலம், முதுகு வலி என்றாலே முதுகெலும்புக்கு நேர்ந்த காயம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதே காலத்தில் ஜான் ஹில்டன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், காயம்பட்ட உறுப்பு ஆறுவதற்கு ஓய்வே முதன்மையானது என்று 1863இல் வெளிவந்த தமது நூலில் வலியுறுத்தினார். காயத்துக்கு ஓய்வு என்ற விதி முதுகு வலிக்கும் பொருத்தப்பட்டது.

1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும், பேச்சு வழக்கில் டிஸ்க் எனப்படும் இடைவட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி உண்டாகலாம் என்று விளக்கினர். இது உண்மையான முன்னேற்றம். ஆனால் காலக்கிரமத்தில், சாதாரண இடுப்பு வலிக்கும் டிஸ்க்கின் மீதே பழி போடும் வழக்கம் பரவியது. அறுவை சிகிச்சைகளும் வாரக்கணக்கான படுக்கை ஓய்வும் பெருகின.

ஓய்வைச் சோதித்த ஆய்வுகள்

நீண்ட நாள் படுக்கையால் தசை மெலியும், எலும்பு வலுவிழக்கும், இரத்தம் உறையும், மனம் சோரும் என்று ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் 1947இலேயே எச்சரித்தார். ஆனால் முதுகு வலிக்கு ஓய்வு பயன் தருகிறதா என்பது முறையாகச் சோதிக்கப்பட நாற்பது ஆண்டுகள் ஆயின.

1986இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் டேயோவும் உடனாளர்களும் 203 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு 2 நாள் ஓய்வும் மற்றக் குழுவினருக்கு 7 நாள் ஓய்வும் பரிந்துரைத்தனர். 2 நாள் குழுவினர் 45 சதவீதம் குறைவான வேலை நாட்களையே இழந்தனர். மற்றபடி குணமடைவதில் வேறுபாடு காணப்படவில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வில், இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். படுக்கை ஓய்வு எடுத்தவர்கள் தேறவே அதிகக் காலம் பிடித்தது.

1994இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முதுகு வலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்தது. அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. படத்தில் தெரியும் மாற்றம் எல்லாம் வலிக்குக் காரணமாகாது என்பது இதனால் தெளிவாயிற்று.

கிளாஸ்கோவின் எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடல் 1987இல் இதற்கொரு கோட்பாட்டு அடிப்படை தந்தார். முதுகு வலியால் வரும் முடக்கத்தில் உடல், மனம், சமூகச் சூழல் ஆகிய மூன்றுக்கும் பங்குண்டு என்பது அவரது கருத்து. அசைந்தால் முதுகு கெட்டுவிடும் என்ற அச்சமே பலரை முடக்குகிறது என்பதையும் அவரது பிற்கால ஆய்வுகள் காட்டின.

நோயாளியின் கைக்கு வந்த சிகிச்சை

1969இல் சுவீடனில் நோயாளிகளுக்குக் குழுவாகப் பாடம் நடத்தும் முதுகுப் பள்ளி தொடங்கியது. நியூசிலாந்து இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி, நோயாளி தாமே செய்துகொள்ளும் பயிற்சிகளை விளக்கி 1980இல் நூல் வெளியிட்டார். பிரிட்டனில் 1996இல் வந்த ஒரு சிறுநூல், அச்சத்தைப் போக்கி நடமாட ஊக்குவித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997இல் இதே செய்தியைத் தொலைக்காட்சி விளம்பரங்களாக்கியது. பொதுமக்களின் எண்ணமும் மருத்துவர்களின் எண்ணமும் மாறின. முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

இணையவழித் துணை

அடுத்த கட்டம் இணையத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் கேட் லோரிக் தலைமையிலான குழு, மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடலுடன் ஒரு நூலையும் ஒளிப்பேழையையும் சேர்த்து 580 பேரிடம் சோதித்தது. 2002இல் வெளியான முடிவுகளின்படி, இத்துணை பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைந்திருந்தன.

பின்னர் திறன்பேசிச் செயலிகள் வந்தன. டென்மார்க்கிலும் நார்வேயிலும் 461 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்ப வாரந்தோறும் நடை, பயிற்சி, அறிவுரை வழங்கும் செயலி சோதிக்கப்பட்டது. 24 புள்ளிகள் கொண்ட முடக்க அளவுகோலில், செயலி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மூன்று மாத முடிவில் இருந்த வேறுபாடு ஒரு புள்ளிக்கும் குறைவே. இங்கிலாந்தில் 825 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சையுடன் இணையவழித் துணையையும், அத்துணையோடு இயன்முறை மருத்துவரின் தொலைபேசி அறிவுரையையும் ஒப்பிட்டது. ஓராண்டுக் காலத்தில் இரண்டுமே முடக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. ஆனால் இரண்டும் பாதுகாப்பானவை என்று கண்டறியப்பட்டது.

படுக்கையிலிருந்து எழுந்து நடமாடலாம் என்ற அறிவுரையைக் குறைந்த செலவில் பலரிடம் சேர்ப்பதில் இணையம் பயன்படுகிறது. நாட்பட்ட வலியும் அச்சமும் வேலை இழப்பும் ஒன்றுசேர்ந்த ஒருவருக்கு அது மட்டும் போதும் என்று இந்த ஆய்வுகளைக் கொண்டு கூற முடியாது.

இன்றைய நிலையும் எல்லையும்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தன்பராமரிப்புக்கு உதவும் கல்வியும் உடற்பயிற்சியும் அதில் இடம்பெற்றுள்ளன. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வகை வலிநீக்கிகள் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அது.

தன்பராமரிப்பு எல்லா முதுகு வலிக்கும் பொருந்தாது. சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர்க் கோளாறு, பிறப்புறுப்பைச் சுற்றியோ ஆசனவாய்ப் பகுதியிலோ மரத்துப்போதல், கால் வலுவிழந்துகொண்டே வருதல் ஆகியவை நரம்புகள் அழுத்தப்படுவதைக் குறிக்கலாம். இவற்றுக்கு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தமை, பலத்த அடி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும்.