'குடும்பம்' என்ற ஒரு சொல்: சிற்றில், தீக்குச்சி, கேம் பாய்

1

1983ஆம் வருடம் ஜூலை மாதம் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனி 14,800 யென் விலையில் ஒரு விளையாட்டுப் பெட்டியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. டி.வி.யில் இணைத்து ஆடுகிற பெட்டி. 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அதே மாதம் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஜப்பானில் குழந்தையின் கைக்கு ஒரு பொத்தான் வந்தது. 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய ஊரில் குழந்தையின் கையில் என்ன இருக்கிறது என்பது அச்சில் வந்தது.

சிவகாசியிலிருந்து மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து ராஜபாளையம் இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஒன்று கோபுரமும் பால்கோவாவும் தறியுமாக இருக்கிற ஊர். மற்றது 1930களிலிருந்து நூல்மில் சங்குக்கு எழுந்து படுத்த ஊர். இந்த இரண்டு ஊருக்கும் வீடியோ கேம் வந்த கதையை வைத்துக்கொண்டு, அந்த விளையாட்டுகளைப் பற்றி உலகத்தில் நடந்த விமர்சன விவாதங்களை நாம் திருப்பி வாசித்துப் பார்க்கலாம். சினிமாவைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். நம் வீட்டுப் பசங்க கையில் முப்பது வருஷமாக இருக்கிற இந்தப் பெட்டியைப் பற்றிப் பெரிதாகப் பேசியதில்லை. 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று தள்ளிவிட்டோம். அப்படித் தள்ளுவதே ஒரு அரசியல்தான்.

2

முதலில் 'குடும்பத்துக்கு உகந்தது' என்ற வகைப்பாடு எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம். நின்டெண்டோ 1889இல் ஃபுசாஜிரோ யமவுச்சி தொடங்கிய சீட்டுக் கம்பெனி. ஹனாஃபுதா என்ற பூச்சீட்டு தயாரித்து விற்றது. வீட்டிலும் ஆடினார்கள், சூதாட்டத்திலும் ஆடினார்கள். அந்தக் கம்பெனிதான் நூறு வருஷத்துக்குள் உலகக் குழந்தைகளின் காவலனாக உருமாறியது.

அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது அந்தக் கம்பெனி விளையாட்டு தயாரிப்பவர்களுக்குக் கறாரான விதிகள் போட்டது. ரத்தம் கூடாது, நிர்வாணம் கூடாது, மதச் சின்னம் கூடாது. 1993இல் 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டு நின்டெண்டோ பெட்டிக்கு வந்தபோது ரத்தம் வியர்வையாக மாற்றப்பட்டது. போட்டிக் கம்பெனியான சேகாவின் பெட்டியில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் வந்தது. அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994இல் வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் வாரியத்தைத் தொழில் முதலாளிகளே அமைத்துக்கொண்டார்கள். ஆக, ரத்தத்தை வியர்வையாக்கினால் அது குடும்பத்துக்கு ஆகும்! வியர்வை யாருடையது என்ற கேள்வி எந்த விசாரணையிலும் வரவில்லை.

'கான்ட்ரா'வை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பையன்கள் மனப்பாடமாக ஆடிய விளையாட்டு. 1987இல் கோனாமி கம்பெனி கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வெளியிட்டது. நிகராகுவாவின் சாண்டினிஸ்டா அரசைக் கவிழ்க்க அமெரிக்கா காசு கொடுத்து வளர்த்த கூலிப்படையின் பெயர் கான்ட்ரா. 1986இலிருந்து அந்த ஊழல் செய்தித்தாள்களில் நாறிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டின் இறுதி இசைத்துண்டின் பெயர் 'சாண்டினிஸ்டா'. ஐரோப்பாவில் வீட்டுப் பெட்டிக்கு இதை விட்டபோது பெயரை மாற்றி, மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்தார்கள். நம் ஊருக்கு மட்டும் மாற்றாமல் வந்து சேர்ந்தது. நம் பிள்ளைகளுக்குக் காவல் நிற்க அந்தக் கம்பெனி இங்கே கடை போட்டிருக்கவில்லை. வந்தது போலிப் பெட்டி.

3

போலி என்பதைக் கேவலமாகச் சொல்லவில்லை. நின்டெண்டோ பெட்டியின் உள்ளுறுப்பைப் பார்த்து, தைவானிலும் சீனாவிலும் மலிவாகச் செய்த நகல்கள் 1990களில் இந்தியாவெங்கும் பரவின. 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர்', 'மீடியா' என்றெல்லாம் பெயர். பர்மா பஜாரிலிருந்தும் மதுரைக் கடைகளிலிருந்தும் தெற்கே இறங்கின. விளையாட்டு அட்டையை நம் ஆட்கள் 'கேசட்' என்றார்கள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் அதே ஆட்டம் வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். அசல் இல்லாத நகல்களைப் பற்றி போத்ரியாரைப் படித்துவிட்டு நாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒன்பதாங்கிளாஸ் பையன் அதை ரிமோட்டால் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்கக் கல்விப்புலம் அப்போது இதைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தது. 1991இல் யூஜின் ப்ரொவென்ஸோ 'வீடியோ கிட்ஸ்' என்ற நூலில், இந்த விளையாட்டுகளில் வன்முறை எவ்வளவு இயல்பாக்கப்படுகிறது, பெண் எப்படி மீட்கப்பட வேண்டிய பொருளாகவே வருகிறாள் என்று காட்டினார். அதே வருடம் மார்ஷா கிண்டர், விளையாட்டும் சினிமாவும் டி.வி.யும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் குழந்தையை நுகர்வோனாகப் பயிற்றுவிக்கும் அமைப்பைப் பற்றி எழுதினார். 1995இல் மேரி ஃபுல்லரும் ஹென்றி ஜென்கின்ஸும் இந்த விளையாட்டுகளின் வெளியை, புதிய உலகத்தைக் 'கண்டுபிடித்த' ஐரோப்பியப் பயணிகளின் எழுத்தோடு வைத்து வாசித்தார்கள். மூன்றும் முக்கியமான வாசிப்புகள். ஆனால் இவற்றின் பின்னணியில் ஒரு அறை இருக்கிறது. சோபா, டி.வி., தனக்கென்று பெட்டி வைத்திருக்கும் ஒரு குழந்தை.

ராஜபாளையத்தில் அந்த அறை எங்கே? மில்லில் மூன்று ஷிப்ட். அப்பா ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குவார். சத்தம் போடக் கூடாது. குடும்பம் மொத்தமும் டி.வி. முன்னால் உட்காருவது என்பது சங்கு அனுமதித்தால்தான். பெட்டி வாங்க முடியாதவர்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கடையில் ஆடினார்கள். ஒருத்தன் ஆட, பத்துப் பேர் பின்னால் நின்று 'குதிடா, குதிடா' என்று கத்துவார்கள். கல்விப்புலம் கற்பனை செய்த தனித்த தன்னிலை இங்கே கிடையாது. ஆட்டம் கூட்டத்துக்குச் சொந்தம்.

கூட்டம் என்றதும் நாம் புல்லரித்துப் போக வேண்டாம். அந்தக் கூட்டத்தில் யார் நிற்கலாம்? 1990களின் நடுப்பகுதியில் தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்தன. 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும், அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. பஸ் சீட்டுக்கே இந்தப் பாடு என்றால், அடுத்தவன் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒரே ரிமோட்டைக் கைமாற்றிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்! திண்ணை வரைக்கும் ஒரு சாதி, ஜன்னல் வரைக்கும் ஒரு சாதி. 2006இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்ததைச் 'சும்மா கொடுத்துக் கெடுக்கிறார்கள்' என்று கிண்டல் செய்த நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று விளங்கவில்லை: ஜன்னலில் நின்ற பிள்ளை தன் வீட்டுக்குள் உட்கார்ந்தது அப்போதுதான்.

4

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். விளையாட்டைப் பற்றிய விமர்சனம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கச் சிறு பெண்கள் பேசுகிறார்கள். மணலில் முதுகு நோகச் சிற்றில் கட்டி வைத்திருக்கிறோம், வந்து சிதைக்காதே என்று கண்ணனிடம் முறையிடுகிறார்கள். பக்தி என்றும் காதல் என்றும் உரை எழுதியவர்கள் உண்டு. இன்னொரு வகையிலும் இது வாசிக்கக் கிடைக்கிறது. பெண்ணின் விளையாட்டு கட்டுவது; ஆணின் விளையாட்டு அதை உடைப்பது. பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஆண்பாலுக்குச் சிற்றில் (அதாவது சிற்றில் சிதைத்தல்), சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். தேர் தெருவில் ஓடும். ஊஞ்சல் வீட்டுக்குள் ஆடும்.

1989இல் நின்டெண்டோ கையடக்கப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. நான்கு பென்சில் பாட்டரி, நான்கே நிறச்சாயல். பெயர் 'கேம் பாய்'. பெயரிலேயே பால் இருக்கிறது, பிள்ளைத்தமிழ் மாதிரி. இதைச் செய்த கும்பே யோகோய், புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைக் கோணம் மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கைக்காரர். வண்ணத்திரையோடு வந்த போட்டிப் பெட்டிகளை இந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டி தோற்கடித்தது. அமெரிக்காவில் பெட்டியோடு எந்த விளையாட்டைச் சேர்த்து விற்பது என்ற கேள்வி வந்தது. மரியோ பையன்களுக்கு, டெட்ரிஸ் எல்லோருக்கும் என்று ஹென்க் ராஜர்ஸ் வாதாடி ஜெயித்தார்.

டெட்ரிஸை உருவாக்கியவர் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாதமியின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ். உரிமையை அரசு நிறுவனம் விற்றது. 1996 வரைக்கும் அவருக்கு உரிமைத்தொகை வரவில்லை. அதன் நகல்தான் திருவிழாக் கடைகளில் தொங்கிய 'பிரிக் கேம்'. டி.வி. வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். வீடியோ கேம் கடை வாசலைக்கூட மிதிக்க முடியாத பெண் பிள்ளை, அடுப்படி வேலை முடித்து, தம்பி தூங்கினபிறகு அவனுடைய பிரிக் கேமை எடுத்து ஆடலாம். அதில் மீட்க வேண்டிய இளவரசி இல்லை. மேலேயிருந்து கட்டை விழும், இவள் அடுக்குவாள். சிற்றில் மறுபடி இவள் கைக்கு வந்தது என்று சொல்லலாம்.

5

ஆனால் இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. 1997இல் ஜேனட் மர்ரே, டெட்ரிஸ் என்பது வேலைச்சுமையில் திணறும் 1990களின் அமெரிக்க வாழ்க்கையை நிகழ்த்திக் காட்டுவது என்று எழுதினார். இடைவிடாமல் வந்து விழும் வேலைகளை அடுக்கி ஒதுக்கி அடுத்ததற்கு இடம் பண்ணுவது. 2001இல் மார்க்கு எஸ்கெலினென் கடுமையாக மறுத்தார். விளையாட்டின் விதிகளைப் பார்க்காமல் அதன்மேல் கதையைத் திணிப்பது வாசிப்பின் வன்முறை என்றார். விளையாட்டு ஆய்வு உலகத்தில் இன்றும் பேசப்படும் சண்டை இது.

இந்தச் சண்டையை நம் கரிசல் மண்ணுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸில் பிள்ளைகள் செய்த முக்கியமான வேலை குச்சி அடுக்குவது. பள்ளம் பள்ளமாக இருக்கும் சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும். நிரம்பிய சட்டம் மருந்து முக்கப் போய்விடும். காலிச் சட்டம் வந்து நிற்கும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. நிரம்பிய வரிசை மறைகிறது, அடுத்தது வருகிறது. மர்ரே உருவகமாகச் சொன்னது இங்கே உருவகம் இல்லை, அப்படியே வேலை. எஸ்கெலினென் சொல்வதும் தப்பு இல்லை. விளையாட்டு வேலை ஆகாது. ஏனென்றால் பிரிக் கேமை ஆஃப் பண்ணலாம். தோற்றால் சிரிக்கலாம். சட்டத்தை ஆஃப் பண்ண முடியாது. விளையாட்டுக்கும் உழைப்புக்கும் வித்தியாசம் விரலின் அசைவில் இல்லை. எழுந்து போகும் உரிமையில் இருக்கிறது.

இப்போது தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறேன். 1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. கூடவே ஒரு விலக்கு: ஒருவர் தன் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குடும்பம் என்ற ஓட்டை அப்படியே இருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். அப்போதும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக 'உதவலாம்' என்று வைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பிள்ளைகளின் தலைமுறைகள் எந்தச் சொல்லுக்குள் காணாமல் போயின என்று புரிகிறதா? 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' தன் பெட்டிமேல் எழுதிக்கொண்டதும் இதே சொல்தான். சந்தையில் அது குழந்தையைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் பொருளை விற்கிறது. சட்டத்தில் அது குழந்தையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி உழைப்பை மறைக்கிறது.

இன்று கையடக்கப் பெட்டியின் இடத்தில் செல்போன் இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்றது. 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. பணத்தை இழந்து உயிரையும் விட்டவர்களின் வீடுகளைப் பார்த்தவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் விவாதம் மறுபடி 'கெட்ட விளையாட்டு, நல்ல விளையாட்டு' என்பதற்குள்ளேயே சுற்றுகிறது. விளையாட நேரம் யாருக்கு இருக்கிறது, இடம் யாருக்கு இருக்கிறது, போதும் என்று எழுந்து போக யாரால் முடிகிறது? பள்ளி விட்டதும் நூல்மில் விடுதிக்குப் போகிற பதினாறு வயசுப் பெண் பிள்ளையின் சாயங்காலத்தை எந்தத் தர வாரியம் பிரித்துப் பார்க்கும்? சங்கம் கட்டுகிறவர்களும் எழுதுகிறவர்களும் எட்டு மணி நேர வேலையைக் கேட்டோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேர விளையாட்டையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். அதைச் சில்லறை விஷயம் என்று யாராவது சொன்னால், சிற்றில் கட்டியவர்களிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.