யூபிக்விட்டஸ்: 'எங்கும்' கடந்து வந்த வழி

எங்கு பார்த்தாலும் தென்படுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடை யூபிக்விட்டஸ். இதன் மூலம் லத்தீன். அம்மொழியில் 'யுபி' என்றால் எங்கே, 'யுபிக்வே' என்றால் எங்கும். தமிழில் 'எங்கு' என்ற வினாவோடு உம்மை சேர்ந்து 'எங்கும்' ஆவதைப் போன்ற அமைப்பு இது. தமிழின் உம்மையைப் போலவே இரண்டு பெயர்களை இணைத்து எண்ணவும் லத்தீனில் இதே 'க்வே' வரும். இந்த ஒற்றுமையால் தமிழருக்கு இச்சொல் எளிதில் பிடிபடும்.

ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது 'யூபிக்விட்டி' என்ற பெயர்ச்சொல். 16ஆம் நூற்றாண்டில் அது இறையியலின் சொல்லாக இருந்தது. கிறிஸ்தவ வழிபாட்டுத் திருவிருந்தின் அப்பத்திலும் திராட்சை ரசத்திலும் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறது என்றார் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர்; அவை அடையாளம் மட்டுமே என்றார் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்லி. 1529இல் மார்பர்க் நகரில் இருவரும் நேருக்கு நேர் வாதாடியும் இந்தக் கேள்வியில் உடன்பாடு பிறக்கவில்லை. விண்ணுலகம் சென்றுவிட்ட உடல் ஒரே நேரத்தில் பல ஊர்களின் அப்பத்தில் எப்படி இருக்க முடியும் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இறைத்தன்மையோடு ஒன்றிய அவ்வுடலும் எங்கும் இருக்க வல்லது என்பது லூதர் தரப்பின் விடை. பின்னர் யோகானஸ் பிரென்ஸ் போன்ற இறையியலாளர்கள் இதை விரித்துரைத்தனர். இக்கொள்கையினரை 'எங்கும்வாதிகள்' என்று பொருள்படும் பெயரால் மறுதரப்பினர் அழைத்தனர். மக்கள் உயிரைக் கொடுத்துக் காத்த நம்பிக்கைகளைச் சுமந்த சொல் இது. பெருகிக் கிடப்பதை எல்லாம் குறிக்கும் வெறும் அடைமொழியாக அது பிறக்கவில்லை.

அடுத்து அச்சொல் அரசனிடமும் படையிடமும் போயிற்று. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் அனைத்திலும் மன்னர் சட்டத்தின் பார்வையில் எப்போதும் இருக்கிறார் என்று 18ஆம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இச்சொல்லைக் கொண்டு எழுதினார். ஆகவே வாதி வரவில்லை என்று சொல்லி மன்னரின் வழக்கைத் தள்ள முடியாது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் பீரங்கிப்படையும் பொறியாளர் படையும் 'யுபிக்வே' என்பதையே முழக்கமாகப் பெற்றன. இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவு கொண்டுள்ள 'சர்வத்ர' என்ற முழக்கத்துக்கும் பொருள் எங்கும் என்பதே.

யூபிக்விட்டஸ் என்ற பெயரடை பொது வழக்கில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அறிவியல் அதைத் தாமதமாக எடுத்துக்கொண்டது. 1975இல் கண்டறியப்பட்ட சிறு புரதம் ஒன்று பலவகைத் திசுக்களிலும் காணப்பட்டதால் யூபிக்விட்டின் எனப் பெயர் பெற்றது. உயிரணு தனக்கு வேண்டாத புரதங்களை அழிக்க அவற்றின்மேல் இதை ஒட்டி அடையாளமிடுகிறது. அச்செயலை விளக்கியவர்களுக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1980களின் இறுதியில் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் மார்க் வைசர், கணினிகள் சூழலோடு கலந்து கண்ணுக்குத் தோன்றாமல் போகும் காலத்தை 'யூபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்' என்றார். ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் அதையே 'பெர்வேசிவ் கம்ப்யூட்டிங்' என்றன.

ஆனால் இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. பெர்வேசிவ் என்பது ஊடுருவிப் படர்வது; புகையின் மணத்துக்கும் அச்சத்துக்கும் பொருந்தும். யூபிக்விட்டஸ் என்பதோ போகுமிடமெல்லாம் எதிர்ப்படுவது. கைப்பேசிக்கும் தேநீர்க் கடைக்கும் பொருந்தும். ப்ரெவலன்ட் என்பதன் வேர்ப்பொருள் வலிமையில் விஞ்சுவது. இன்று அது ஓரிடத்திலோ ஒரு காலத்திலோ மிகுந்து காணப்படும் நோய்க்கும் வழக்கத்துக்கும் வரும். ரேம்பன்ட் என்பது கட்டுமீறியது; தமிழில் ஊழல் 'தலைவிரித்தாடுகிறது' என்பதற்கு நேர். ரைஃப் பெரும்பாலும் வதந்தி, நோய் போன்ற வேண்டாதவற்றுக்கே வரும்; தமிழில் 'மலிந்த' என்பது அதை ஒட்டியது. ஆம்னிபிரசென்ட் பெரிதும் இறைவனுக்கு உரியது.

பரவலாக இருப்பதைச் சொல்ல மட்டும் வேண்டுமென்றால் வைட்ஸ்ப்ரெட் என்ற எளிய சொல்லே போதும். எங்கு திரும்பினாலும் கண்ணில் படுவதற்கு மட்டுமே யூபிக்விட்டஸை எடுப்பது நல்லது.