வளருஞ் சமூகமும் பொதுக்களத் தெரிவும்: ராகலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் எண்ணிக்கையிற் பெருகும்போது, அதன் பொதுக்காரியங்களைப் பேசித் தீர்ப்பதற்கான களம் எத்தகையதாக அமைதல் வேண்டும் என்ற வினா எழுகின்றது. இதனை நிருவாக வசதி பற்றிய வினாவாக மட்டுங் கொள்வோர் பலர். எத்துணைப் பேரைக் களம் தாங்கும், எவ்வளவு செலவாகும் என்பனவே அவர்தம் கணக்கு. ஆயின், அக்களத்திற் பேசும் உரிமை யாருக்குண்டு, அதனைத் திறக்கவும் மூடவும் வல்லவர் யார் என்பனவே அடிப்படையான வினாக்கள் என்பதை மலையகத் தமிழரின் வரலாறு நமக்குணர்த்துகின்றது.

ராகலையை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையூடாக வரும் பாதை உடப்புசல்லாவைக்கும் வலப்பனைக்கும் பிரியும் சிறு நகரம் இது. சுற்றிலும் சென்லெனாட்ஸ், லிடஸ்டேல், புரூக்சைட் முதலிய தோட்டங்கள். நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகல இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டு இங்கு வந்து சேர்ந்தது. தேயிலையை வெளியே கொண்டுசெல்வதற்கென அமைந்த அப்பாதை 1940களிற் கைவிடப்பட்டது. தேயிலைக்கு இரயில் ஓடிய காலத்திலும் தொழிலாளர் தோட்டந்தோட்டமாகப் பிரிந்தே வாழ்ந்தனர். தோட்டம் தனியார் சொத்து. வெளியார் உட்புகுதல் அத்துமீறற் குற்றம். ஆகவே அயல்தோட்டத்தாருடன் கூடிப்பேசுவதே இம்மக்களின் முதற் சிக்கலாயிற்று.

தோட்டத்தில் எல்லோரும் நாள்தோறும் கூடிய இடமொன்று இருந்தது. அது பெரட்டுக்களம். விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, ஆணும் பெண்ணும் அங்கு வரிசையில் நின்றனர். பெருந்தொகையினரை அது தவறாமல் ஒன்றுதிரட்டியது. ஆனால் அங்கு ஒலித்தது துரையின் கட்டளையும், அதனை எடுத்துரைத்த கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோரின் குரலுமே. தொழிலாளி வாய்திறக்க வேண்டுமாயிற் பெரிய கங்காணியூடாகவே திறக்கவேண்டும். அக்கங்காணியோ அவருக்குக் கடன் கொடுத்தவர். 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறையின்கீழ், அக்கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டஞ் செல்லவியலாது. கடன்பட்டவர் கடன்கொடுத்தவரைத் தம் பிரதிநிதியாகக் கொண்ட களத்தில் முறைப்பாடு எங்ஙனம் எழும்?

இதற்குப் புறம்பாக மக்கள் தாமே சமைத்துக்கொண்ட களங்களும் இருந்தன. லயத்து வாசல், மாரியம்மன் கோயில் முன்றில், காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பெற்ற வெளி என்பன அவை. இவற்றில் மக்கள் தம் மொழியிற் பேசினர், பாடினர், எள்ளி நகையாடினர். எனினும் இக்களங்களின் எல்லை பெரும்பாலும் தோட்ட எல்லையே. சாதிப் பிரிவினையும் இவற்றுள் ஊடுருவி நின்றது.

தோட்ட எல்லையைத் தாண்டும் களத்தை முதலிற் கருத்தோடு தேடியவர் கோ. நடேசய்யர் எனலாம். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த அவர் 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். ஆயின் வாசகராக வேண்டியோரிற் பெரும்பாலார் எழுத்தறியாதோர். எனவே அச்சு மட்டும் போதாதென்பதை அவர் கண்டார். புடைவை வணிகராக வேடந்தாங்கித் தோட்டங்களுட் புகுந்தார் எனக் கூறுவர். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலையைப் பாடல்களாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அவை அச்சிலும் வெளிவந்தன. எழுத்தும் இசையும் நேர்ச்சந்திப்பும் இணைந்த இத்தெரிவு, பயன்படுத்துவோரின் நிலையை அறிந்து செய்யப்பட்டதாகும். 1931இல் ஹற்றனில் அவர் நிறுவிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதற் சங்கமாகும். ஆனால் அது பெரிதும் ஒருவரின் உழைப்பிலேயே தங்கியிருந்தது. தோட்டத்துரைமாரின் எதிர்ப்பும் பொருளாதார மந்தமும் தாக்கியபோது அது தளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அடுத்த கட்டம் அமைப்பின் கட்டம். 1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் 1940இல் அமைந்தது. அதே ஆண்டு சனவரியில், சமசமாசக் கட்சியினரின் வழிகாட்டலில் நடந்த முல்லோயா வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். தோட்டக் கமிட்டி, மாவட்டக் கமிட்டி, தலைமையகம் என்ற படிமுறை பின்னர் வேரூன்றியது. லயத்தில் எழுந்த முறைப்பாடு தோட்டத் தலைவரூடாக மாவட்டத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்குஞ் செல்லும் வழி பிறந்தது. எண்ணிக்கையைத் தாங்கும் ஆற்றல் இவ்வமைப்புக்கு இருந்ததென்பதில் ஐயமில்லை. 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது.

இந்நிலையிலேயே பேரிடி விழுந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களிற் பெரும்பாலோரைப் பாராளுமன்றக் களத்திலிருந்து வெளியேற்றின. வாக்குச்சீட்டுப் பறிபோனபின், சம்பளம், வீடு, கல்வி, குடியுரிமை, தனிமனிதத் தகராறு ஆகிய அனைத்தும் தொழிற்சங்கத்தின் தலைமேலேறின. ஒரு பணிக்கென அமைந்த களம் எல்லாப் பணிகளையுஞ் சுமக்க நேர்ந்தது. அதன் கோணல்களை இப்பின்னணியிலேயே மதிப்பிடுதல் வேண்டும்.

அக்கோணல்களுள் மூன்று ஈண்டு குறிப்பிடத்தக்கன. முதலாவது, சந்தாவைச் சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளும் முறை. இது சங்கத்துக்கு நிலையான வருவாயைத் தந்தது. அதேவேளை, லயம் லயமாகச் சென்று சந்தா கேட்கையில் மறுமொழி சொல்லவேண்டியிருந்த கடப்பாட்டைத் தளர்த்தியது. இரண்டாவது, 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி எழுவர் சேர்ந்தாற் சங்கமொன்றைப் பதிவுசெய்யலாம். மாற்றுக் கருத்தினர் உள்ளிருந்து வாதிடுவதிலும் பிரிந்து செல்வது எளிதாயிற்று. தொண்டமானும் அசீசும் 1950களின் நடுப்பகுதியிற் பிரிந்தனர். 1965இல் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியது. பிரிவுகள் யாவும் தவறென்று நாம் கூறவில்லை. கருத்து வேறுபாட்டை உள்ளடக்கித் தீர்க்கும் வழியை எவ்வமைப்பும் போதியளவு வளர்க்கவில்லை என்பதே நம் கருத்து. மூன்றாவது, கொழுந்தெடுப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள். சந்தா செலுத்துவோரிலும் அவர்கள் பெருந்தொகையினர். தலைமைப் பதவிகளிலோ மிகச் சிலர். மாலையிற் கூடும் கமிட்டிக்கு, மலையிலிருந்து இறங்கி அடுப்படிக்குச் செல்லும் பெண் எங்ஙனம் வருவாள்?

களத்தை அமைப்போர் பெருக்கத்தையே எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இங்கு தேய்வும் நேர்ந்தது. குடிசன மதிப்பீடுகளின்படி 1911இல் ஏறத்தாழ 5.3 இலட்சமாகவிருந்த இந்தியத் தமிழர் 1971இல் 11.7 இலட்சமாயினர், 1981இல் 8.2 இலட்சமாகக் குறைந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. இப்பங்கீடு பேசப்பட்ட மேசையில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. பொதுக்களம் அற்ற மக்களைப் பற்றிப் பிறர் முடிவெடுப்பர் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே பெரிதும் தீர்ந்தது. வாக்குரிமை வந்தபின்னரும் ஊர்மட்டக் களம் எளிதில் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ்த் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்க வழிசெய்தது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தனுப்பியும், தம் லயத்துப் பாதையைச் சபையிடங் கேட்டுப் பெற இயலாதிருந்த நிலையை அதுவரை இம்மக்கள் அனுபவித்தனர்.

தொகுத்து நோக்குமிடத்து, பெரட்டுக்களம் ஆயிரவரைத் திரட்டியும் குரலற்றதாயிருந்தது. கூத்துக்களம் குரலுடையதாயிருந்தும் தோட்ட எல்லைக்குள் நின்றது. நடேசய்யரின் களம் எல்லை கடந்தும் ஒருவரையே நம்பியிருந்தது. தொழிற்சங்கம் நிலைபெற்றும் மறுப்புரைக்கு இடஞ்சுருங்கியது. இனிப் புதுக்களம் தெரிவோர் எத்துணைப் பேரை அது கொள்ளும் என்று கேட்பதுடன் நில்லாது, கடைசியாக வந்து சேர்ந்தவரும் மாலையில் வரவியலாத பெண்ணும் அதிற் பேசமுடியுமா, தலைமையை மறுத்துரைத்தவர் மறுநாளும் அங்கு இருக்கமுடியுமா, கணக்கு யாவர்க்கும் தெரியுமா எனவுங் கேட்டல் வேண்டும். ராகலையிலும் அயல்தோட்டங்களிலும் இன்று வாழும் தலைமுறையினர் கல்வி பெற்றோர். பலர் தோட்டத்துக்கு வெளியே தொழில் புரிவோர். அவர்களுடைய தேவைகள் பலவாறாக விரிந்துள்ளன. அவற்றை ஒரே சங்கமோ ஒரே தலைவரோ சுமக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது, 1949இன் நிர்ப்பந்தத்தை இன்றும் நாமே நீடிப்பதாகும்.