இரண்டு உபாலிகள்

அநுப்பியா என்ற ஊரில் சாக்கியர் குலத்து இளைஞர்கள் ஆறு பேர் புத்தரிடம் துறவு கேட்டு நின்றார்கள். ஆனந்தர், அநுருத்தர், தேவதத்தன் எல்லாரும் அதில் உண்டு. கூட வந்தவர் அவர்களுக்குச் சவரம் செய்துவந்த நாவிதர் உபாலி. அந்த இளைஞர்களே கேட்டார்களாம், எங்களுக்குக் குலத்திமிர் ஜாஸ்தி, இவரை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் இவரைக் கும்பிட்டுப் பழகட்டும் என்று. சங்கத்தில் முதலில் சேர்ந்தவர்தான் மூத்தவர், குலம் கணக்கில் கிடையாது. நேற்றுவரை யார் முகத்தை வழித்தாரோ அவர்கள் உபாலி முன்னால் குனிந்தார்கள். விநய பிடகம் சொல்லும் கதை இது. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் பிக்குகள் கூடி, விநயத்தை உபாலியிடம் கேட்டுத்தான் தொகுத்தார்கள் என்பதும் மரபு. சங்கத்தின் சட்டமே ஒரு நாவிதர் வாயிலிருந்து வந்திருக்கு.

படிக்கிறப்ப நமக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யுது. ஆனா அதே விநயத்துல வேற விதிகளும் இருக்கு. அடிமைக்குத் துறவு கிடையாது, கடன்பட்டவனுக்குக் கிடையாது, அரசனின் படையாளுக்குக் கிடையாது. ஆண்டையும் கடன் கொடுத்தவனும் ராஜாவும் முகம் சுளித்தபோது வந்த விதிகள் இவை. குலம் பார்க்காத சங்கம் உடைமையைப் பார்த்தது. புத்தர் மேல் உள்ள பிரியத்தில் இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகர் காலத்தில், மகிந்தர் வழியாகப் பௌத்தம் இலங்கைக்குப் போனது. ஒரு மதம் பரவுவதில் இரண்டு சமாச்சாரம் உண்டு. போதனை காற்றுமாதிரிப் போகும், யாரும் தடுக்க முடியாது. துறவு கொடுக்கும் உரிமை அப்படிப் போகாது. ஒருவரைப் பிக்குவாக்கக் குறைந்தது ஐந்து பிக்குகள் சபையாகக் கூடவேண்டும். அந்த ஐந்து பேர் இல்லாத நாட்டில் சங்கம் செத்தமாதிரிதான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி ராஜ்யத்துக்கு அந்த நிலை வந்தது.

அப்போது அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவர். சியாமுக்குத் தூது அனுப்பி, 1753இல் அங்கிருந்து பிக்குகளை வரவழைத்தார். ஒருகாலத்தில் இலங்கைதான் சியாமுக்குத் துறவு மரபைக் கொடுத்தது, இப்போது திரும்ப வாங்கிக்கொண்டது. சியாமிலிருந்து வந்த தலைமைப் பிக்குவின் பெயர் என்ன தெரியுமா? உபாலி!

இந்த உபாலி வழியாக உண்டானது சியாம் நிக்காயம். சில ஆண்டுகளுக்குள், நிலவுடைமைச் சாதியான கொவிகமவைத் தவிர மற்றவர்களுக்கு அதில் உபசம்பதா, அதாவது முழுத்துறவு, கிடையாது என்றாகிவிட்டது. நாவிதர் பேரைச் சுமந்து வந்த மரபில் நாவிதர் நுழைய முடியாது. சியாமிலிருந்து கப்பலில் வந்தது விநயம். இந்தக் கட்டுப்பாடு உள்ளூர்ச் சரக்கு.

தென்மேற்குக் கடலோரத்தில் சலாகம என்ற சாதி. டச்சுக்காரர்களுக்குக் கறுவாப்பட்டை உரித்துக் கொடுத்த உழைப்பாளிகள். முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். அவர்களில் ஒருவரான அம்பகஹபிட்டிய ஞானவிமல, சாமணேரர் சிலரைக் கூட்டிக்கொண்டு 1799இல் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். செலவுக்குப் பணம் கொடுத்தது அதே சாதியில் வசதியானவர்கள். அமரபுரத்தில் சாதி கேட்காமல் துறவு கொடுத்தார்கள். 1803இல் திரும்பிவந்து, கண்டியைக் கேட்காமல் தாங்களே துறவு கொடுத்தார்கள். கடலோரம் அப்போது ஆங்கிலேயர் கையில், கண்டி ராஜாவின் உத்தரவு அங்கே செல்லாது. அதுதான் அமரபுர நிக்காயம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச காலத்தில் அமரபுரமே சலாகமவுக்கு ஒன்று, கராவவுக்கு ஒன்று, துராவவுக்கு ஒன்று என்று கிளைகளாகப் பிரிந்தது. தனக்கும் கீழே ஒருவனைத் தேடுற புத்தி கடல் தாண்டிப் போய்வந்தாலும் விடல. பறையடிக்கும் பெரவாக்களும் ரொடியாக்களும் இந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் எண்ணப்படவில்லை.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் கொழும்பு போய் மல்லிகாகந்தவில் பஞ்சசீலம் பெற்றார். கொடுத்தவர் ஹிக்கடுவே சுமங்கல. பெரிய அறிஞர். சியாம் நிக்காயத்துக்காரர். பஞ்சசீலம் இல்லறத்தாருக்கு உரியது, அதற்குச் சாதி கேட்பதில்லை. பண்டிதர் உபசம்பதா கேட்டிருந்தால்? அவர் கேட்கவில்லை. சென்னை திரும்பி ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், ரங்கூன், நேட்டால் என்று கூலிக்குப் போன நம்மாளுங்க போன இடமெல்லாம் அது போனது. பௌத்தம் யாரிடமிருந்தும் வாங்க வேண்டிய பொருளல்ல, பறிபோன நம்ம பூர்வீகச் சொத்து என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் அவசியம் கண்டியைப் பார்த்தால்தான் நமக்கு முழுசாப் புரியுது.

அந்தக் கண்டிக்கே 1950இல் உலகப் பௌத்தர் மாநாட்டுக்கு அம்பேத்கர் போனார். ஆறு வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14, நாகபுரியில் அவருக்குத் தீட்சை கொடுத்த சந்திரமணி பர்மாவில் பிறந்தவர். மறுபடியும் பர்மா. வாங்கி முடித்ததும் அம்பேத்கர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். காவி கட்டாத அந்த மனிதர், எதிரே நின்ற லட்சக்கணக்கான மகர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தன் வாயாலேயே தீட்சை கொடுத்தார். அதற்கு எந்த நிக்காயத்திடமும் அனுமதி வாங்கவில்லை.