சுண்ணாம்பு பட்ட கண்



சேதராப்பட்டில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஸ்டெம் செல் ஆய்வகத்தில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்திருக்கிறாள். "அங்கே அப்படி என்னதான் வேலை சார்?" என்று அவள் அப்பா கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்துபோகும். பிள்ளைகள் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடி, அது வெடித்துக் கண்ணில் படுவது நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. (உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம்.) கருவிழியின் மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகும். அதைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கின்றன. விளிம்பே வெந்துவிட்டால், தானமாக வந்த கருவிழியைப் பொருத்தினாலும் நிலைக்காது.

1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழுவினர் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளித் திசு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, கெட்ட கண்ணில் வைத்துக் காட்டினார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் 2001இல் இது தொடங்கியது. 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' எடுத்த அதே பிரசாத்தான். மருத்துவமனைக்கு நிலமும் பணமும் கொடுத்தவர். அங்கே விரேந்தர் சங்வான் அறுவை செய்ய, கீதா வேமுகன்டி ஆய்வகத்தைக் கவனித்தார். பிரசவத்துக்குப் பின் கழியும் பனிக்குடச் சவ்வின் மேல் திசுவை வைத்து இரண்டு வாரம் போல வளர்ப்பார்கள். வெளிநாடுகளில் கன்றுக்குட்டி ரத்தத்தின் சீரம் ஊற்றி வளர்த்தார்கள். இங்கே நோயாளியின் சொந்தச் சீரமே போதுமென்று காட்டினார்கள். ஊட்டக் கரைசலை மாற்றுவது, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது, கிருமி நுழையாமல் காப்பது, எல்லாவற்றையும் குறித்து வைப்பது. அவள் வேலையும் ஏறக்குறைய இதுதான். 2010 வரை இப்படிச் சிகிச்சை பெற்ற 200 பேரில் 71 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது.

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். அதே திசுவைப் பொடியாக நறுக்கி, கண்மேல் பரப்பிய பனிக்குடச் சவ்வில் பசை வைத்து ஒட்டி, கண்ணிலேயே வளரவிட்டார் சங்வான். ஒரே அறுவை, ஆய்வகமே வேண்டாம். முதல் ஆறு பேரின் விவரம் 2012இல் வெளியானது. இன்று பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். பத்தாண்டு பாடுபட்டு வளர்த்த ஆய்வகத்தின் வேலையைத் தாங்களே குறைத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆய்வகத்தில் வளர்த்துத் தரும் ஹோலோகிளார் என்ற சிகிச்சைக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்ததே 2015இல்தான்.

ஆனால் இரண்டு கண்ணும் வெந்தவர்களுக்கு எடுத்து ஒட்ட நல்ல விளிம்பே இருக்காது. அவர்களுக்காக வாயின் உட்தோல் செல்களை வளர்த்துக் கண்ணில் வைக்கிறார்கள். அதற்கு ஆய்வகமும் வேண்டும், அவளைப் போன்ற ஆட்களும் வேண்டும்.